கழிப்பறைக் கோப்பையில் எவற்றைப் போடக் கூடாது, அவற்றை எங்கே போடுவது

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மொத்தம் எட்டு வீடுகள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதக் காலையில், தரைத்தளத்தில் தனியாக வசிக்கும் ஆச்சியின் வீட்டுக் கழிப்பறையில் கழிவுநீர் பொங்கி, குளியலறையைத் தாண்டிக் கூடம் வரை வந்துவிட்டது. மேல் வீடுகளில் யாராவது தண்ணீர் ஊற்றும் ஒவ்வொரு முறையும் அது இன்னும் ஓர் அங்குலம் ஏறியது. பிளம்பர் வந்து, வீட்டுக் கழிவுக் குழாய்கள் வந்து சேரும் குழியான சேம்பரின் மூடியைப் பெயர்த்து, மூங்கில் பிளாச்சை உள்ளே விட்டுக் குத்திக் குத்தி இழுத்தபோது, ஒரு முழ நீளத்துக்குச் சாம்பல் நிறக் கயிறு போன்ற ஒன்று வெளியே வந்தது. அதன் மேல் தண்ணீரைப் பீய்ச்சிப் பார்த்ததில், குழந்தைகளைத் துடைக்கப் பயன்படும் வெட் வைப்ஸ், தலைமுடி, நாப்கின் ஒன்றின் உப்பிய உள்ளீடு, காது குடையும் பஞ்சுக் குச்சிகள் ஆகியவை ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கிடந்தது தெரிந்தது. எட்டு வீட்டாரும் ‘எங்கள் வீட்டிலிருந்து எதுவும் போகவில்லை’ என்றே சொன்னார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. பொத்தானை அழுத்தியதும் போன பொருள் அடைப்பை உண்டாக்கும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. கோப்பையின் வளைவைத் தாண்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அந்த வளைவு முதல் வாசல் மட்டுமே. வெஸ்டர்ன் கோப்பையில் துர்நாற்றம் மேலே வராமல் தடுப்பதற்காக எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும்படி அமைத்திருக்கும் அந்த வளைவு, பல மாடல்களில் அதற்குப் பின்னால் வரும் 4 அங்குலக் குழாயைவிடக் குறுகலானது. அதைக் கடந்த பொருள் மாடிகளுக்குப் பொதுவான செங்குத்துக் குழாயில் விழுந்து, கீழே தரைக்கு இணையாகத் திரும்பும் முழங்கையில் வேகம் இழக்கிறது. அங்கிருந்து சேம்பர், சேம்பரிலிருந்து செப்டிக் டேங்க் அல்லது தெருவின் பாதாளச் சாக்கடை, அதன் பின் கழிவுநீர் உந்து நிலையம், கடைசியாகச் சுத்திகரிப்பு நிலையம். சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் அந்த நிலையங்கள் உள்ளன. இத்தனை கட்டங்களையும் சேதமின்றிக் கடக்கக் கூடியவை மலம், சிறுநீர், தண்ணீர், தண்ணீரில் கரையும் டாய்லெட் பேப்பர் ஆகிய நான்கு மட்டுமே. இப்போதைய ஃப்ளஷ் தொட்டிகளில் சிறிய பொத்தான் 3 லிட்டரும் பெரிய பொத்தான் 6 லிட்டரும் விடும்படி அமைந்திருப்பதால், பழைய 10 லிட்டர் தொட்டி அடித்துத் தள்ளிய பொருளைக்கூட இன்றைய தொட்டி பாதி வழியில் விட்டுவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஒரு பொருள் கரையுமா என்பதை அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. அகன்ற வாயுள்ள இரண்டு கண்ணாடிப் பாட்டில்களை எடுத்து முக்கால் பாகம் தண்ணீர் நிரப்புங்கள். ஒன்றில் டாய்லெட் பேப்பர் இரண்டு துண்டுகளையும், மற்றொன்றில் ஒரு வெட் வைப்ஸையும் போட்டு மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கி, அரை மணி நேரம் அப்படியே வைத்து, மறுபடியும் குலுக்குங்கள். முதல் பாட்டிலில் நீர் கஞ்சித் தண்ணீர்போல் கலங்கி, இழைகள் தனித்தனியாக மிதக்கும். இரண்டாவதில் உள்ளதை விரலால் எடுத்துப் பிழிந்து கொடியில் காயப்போடலாம். ஒரு நூல்கூடப் பிரிந்திருக்காது. பல வைப்ஸ்களில் பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை கலந்திருப்பதே காரணம். உறையின் மேல் ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று அச்சிட்டிருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். அந்த வாசகத்தை நான் நம்புவதில்லை, நீங்களும் நம்ப வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

இதே பாட்டிலில் முகம் துடைக்கும் டிஷ்யூவையும் சமையலறைப் பேப்பர் டவலையும் போட்டுப் பார்ப்பது நல்லது. நம் வீடுகளில் தண்ணீர்தான் பயன்படுகிறது என்பதால் டாய்லெட் பேப்பர் பலர் வீட்டில் இருப்பதே இல்லை. ஆனால் கோப்பையின் இருக்கையைத் துடைக்கவும் மூக்கைச் சிந்தவும் மேசை மேல் உள்ள டிஷ்யூ பெட்டியிலிருந்து இரண்டு தாள்களை உருவி, துடைத்தபின் கோப்பைக்குள்ளேயே போடும் பழக்கம் பரவிவிட்டது. ஈரத்தில் கிழியாமல் இருப்பதற்காகவே வலுவூட்டித் தயாரிக்கப்படும் தாள்கள் அவை. கடையில் நமக்குப் பிடித்த அதே குணம் குழாய்க்குள் பகையாகிவிடுகிறது.

நாப்கினும் டயப்பரும்

பட்டியலில் முதலிடம் இவற்றுக்குத்தான். இவற்றின் நடுவில் உள்ள வெண்மையான பொடி, நீரைத் தன் எடையைப் போல் பல மடங்கு உறிஞ்சிக் கூழாகும் ஒருவகை பாலிமர். கையில் மெல்லியதாக இருக்கும் நாப்கின் கோப்பையின் நீரில் விழுந்ததும் உப்பத் தொடங்கி, வளைவைத் தாண்டும் முன்போ, தாண்டிய சற்று நேரத்திலோ தன் முழுப் பருமனை அடைகிறது. மேலுறையும் அடியுறையும் பிளாஸ்டிக் என்பதால் அது அழுகுவதும் இல்லை. வெளியே குப்பைக்கூடையில் போட்டால் மற்றவர் கண்ணில் படுமே என்ற கூச்சமே பெண்கள் பலரையும் கோப்பையை நாட வைக்கிறது. விடுதிகளிலும் அலுவலகக் கழிப்பறைகளிலும் மூடியுள்ள கூடை ஒன்று இல்லாத குறைக்கு நாப்கின் போட்டவரைக் குற்றம் சொல்வது நியாயமாகாது. கூடை வைக்காத நிர்வாகத்தைத்தான் கேட்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. கழிப்பறைக்குள் கோப்பைக்குக் கைக்கெட்டும் தூரத்தில், காலால் மிதித்தால் திறக்கும் மூடியுள்ள சிறு கூடை ஒன்றை வையுங்கள். அதன் பக்கத்திலேயே பழைய செய்தித்தாளை நான்காகக் கிழித்து, ஒரு கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுங்கள். தாள் கைக்குக் கிடைக்காவிட்டால் யாரும் சுற்றிப் போட மாட்டார்கள் என்பது அனுபவத்தில் கண்டது. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய நாப்கினையும் டயப்பரையும் உற்பத்தியாளர் தரும் உறையிலோ வேறு தகுந்த உறையிலோ பத்திரமாகச் சுற்றி, மக்காத குப்பையோடு சேர்க்க வேண்டும் என்று வீட்டாருக்கே பொறுப்பு விதித்திருந்தன; 2026 ஏப்ரலில் அவற்றுக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி இவற்றைத் தனிப் பிரிவாகவே கொடுக்க வேண்டும். புனே நகரில் குப்பை சேகரிக்கும் தொழிலாளர்கள் இதற்கு மேல் ஒன்றைக் கேட்டார்கள்: சுற்றிய பொட்டலத்தின் மேல் சிவப்பு மையால் ஒரு புள்ளி வையுங்கள், பிரித்துப் பார்க்காமலே எங்களுக்குத் தெரிந்துவிடும் என்றார்கள். ஒரு ஸ்கெட்ச் பேனாவை அந்தக் கிளிப்பிலேயே கட்டி வைத்தால் நாமும் அதைச் செய்யலாம். டயப்பரில் உள்ள மலத்தை மட்டும் கோப்பையில் தட்டிவிட்டு, மற்றதைச் சுருட்டி அதன் ஒட்டுப்பட்டையாலேயே ஒட்டிவிட வேண்டும். ஆணுறையையும் தாளில் சுற்றி இதே கூடையில்தான் போட வேண்டும். அதன் ரப்பர் குழாயில் கரைவதில்லை.

முடி

குளியலறைத் தரையில் உள்ள ஜாலியில் தண்ணீர் நிற்கும்போது, அதைத் தூக்கி அடியில் சிக்கிய முடிக்கற்றையை எடுத்து, முகத்தைச் சுளித்துக்கொண்டே பக்கத்தில் உள்ள கோப்பையில் போட்டுத் தண்ணீர் விடுபவர்கள் ஏராளம். ஓர் அடைப்பை நீக்கி இன்னொன்றுக்கு விதை போடும் வேலை இது. தேங்காய் எண்ணெயும் சோப்பும் படிந்த நீள முடி குழாயின் இணைப்புகளில் உள்ள சிறு பிசிறில் மாட்டிக்கொண்டால் வலை விரித்ததுபோல்தான். பின்னால் வரும் நூல், பஞ்சு, பல்லிடுக்கு நூல் எல்லாம் அதில் வந்து சேரும். முடி மிக மெதுவாகவே மக்கும் என்பதால் செப்டிக் டேங்கிலும் அது ஆண்டுக்கணக்கில் கிடக்கும். சீப்பில் வரும் முடியைச் சுருட்டி வைப்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். சுருட்டியதைத் தாளில் மடித்துக் குப்பையில் சேர்ப்பது மட்டுமே கூடுதல் வேலை.

சாம்பார், எண்ணெய், மாவு

சமையலறைத் தொட்டி அடைத்துக்கொள்ளும் என்ற பயத்தில், ஊசிப்போன சாம்பாரையும் பழைய சோற்றையும் புளித்துப் போன இட்லி மாவையும் கழிப்பறையில் கொட்டுவது பல வீடுகளில் நடக்கிறது. முருங்கைக்காய்ச் சக்கை, புளிச்சக்கை, கறிவேப்பிலை, மீன் முள் ஆகியவை மலத்தைப்போல் எளிதில் கரைபவை அல்ல. சோறும் மாவும் வேறு வகையில் தொல்லை தரும்: அவை குழாயின் அடியில் பசையாகப் படிந்து, மேலே வருவதைப் பிடித்து வைக்கும். வடிதட்டில் சாறை வடித்துவிட்டு, சக்கையை மக்கும் குப்பையில் சேர்ப்பதே சரி.

எண்ணெயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு எண்ணெய் உறையாது, அதனால் குழாயில் ஓடிவிடும் என்று வாதிடுபவர்கள் உண்டு. டால்டாவும் ஆட்டுக் கொழுப்பும் நெய்யும் நிழலான குழாயில் உறையும் என்பது ஒரு பக்கம். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸிலேயே கட்டியாகத் தொடங்கும். உறையாத கடலை எண்ணெய்கூடச் சாக்கடையில் சிதைந்து கொழுப்பு அமிலமாகி, நீரில் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து சோப்புபோன்ற கெட்டிப் படலமாக மாறுகிறது. அந்தப் படலத்தில் வெட் வைப்ஸ் வந்து ஒட்டினால் என்ன ஆகும் என்பதை 2017-இல் லண்டனின் ஒயிட்சாப்பல் பகுதியில் உலகமே பார்த்தது. அங்கே சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்ட கொழுப்புப் பாறை ஒன்று இருந்தது. அதன் துண்டு ஒன்றை அந்நகர அருங்காட்சியகத்தில் காட்சிக்கும் வைத்தார்கள். பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஆறவிட்டு, பழைய எண்ணெய் கவரிலோ பாட்டிலிலோ ஊற்றி மூடிக் குப்பையோடு கொடுங்கள். கடாயில் ஒட்டியிருப்பதைக் கழுவும் முன் செய்தித்தாளால் வழித்துவிடுங்கள்; பாத்திரம் தேய்க்கும் பொடியும் குறைவாகச் செலவாகும்.

சிமெண்ட்: வீட்டு வேலை நடக்கும் நாட்களில்

எந்தப் பட்டியலிலும் எளிதில் காணக் கிடைக்காத, ஆனால் நம் ஊரில் மிகுந்த சேதம் விளைவிக்கும் பொருள் இது. டைல்ஸ் ஒட்டும் வேலை நடக்கும்போது, மாலையில் கொத்தனார் தம் சட்டியையும் கரண்டியையும் வெள்ளைச் சிமெண்ட் கரைத்த டப்பாவையும் கழுவுவதற்குக் கிட்டத்தில் கிடைக்கும் இடம் கழிப்பறைதான். சிமெண்ட் நீருக்குள்ளும் இறுகக் கூடியது. வளைவின் அடியில் அது படிந்து ஓரிரவு கிடந்தால், காலையில் அங்கே கல் இருக்கும். அதைக் கம்பியால் எளிதில் நீக்க முடியாது. எங்கள் உறவினர் வீட்டில் புதிதாகப் பொருத்திய கோப்பையையே பெயர்த்து எறிய வேண்டியதாயிற்று. வேலை தொடங்கும் முதல் நாளே ஒரு பழைய பெயிண்ட் டப்பாவைக் காட்டி, ‘கழுவுகிற தண்ணீரை எல்லாம் இதில் ஊற்றுங்கள் மேஸ்திரி’ என்று சொல்லிவிட வேண்டும். மறுநாள் தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் இறுகியதைக் கட்டட இடிபாட்டோடு சேர்த்துவிடலாம். அந்த நாட்களில் கோப்பையின் வாயைச் சாக்குப்பையால் மூடிக் கட்டி வைப்பது இன்னும் நல்லது. பெயிண்ட், தின்னர், மண்ணெண்ணெய் ஆகியவையும் கோப்பைக்குள் போகக் கூடாதவை. இவற்றின் ஆவி மூடிய சேம்பருக்குள் தங்கித் தீப்பற்றக் கூடியது.

மாத்திரை, ஊசி, ஆசிட்

காலாவதியான மாத்திரைகளைக் குழந்தைகள் கையில் படாமல் ஒழிக்கக் கோப்பையே பத்திரம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்துகளைப் பிரித்தெடுக்க அமைக்கப்பட்டவை அல்ல. கரைந்த மருந்து ஆற்றுக்கும் ஏரிக்கும் போய்ச் சேர்கிறது. செப்டிக் டேங்க் உள்ள வீடென்றால், ஆன்டிபயாட்டிக் மருந்து அதற்குள் கழிவைச் செரிக்கும் பாக்டீரியாக்களையும் தாக்கும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, பயன்படுத்திய டீத்தூளோடு பிசைந்து, ஒரு கவரில் கட்டி, வீட்டு அபாயக் கழிவாகத் தனியே கொடுப்பதே பொதுவான முறை. இதற்கு ஒரு விலக்கு உண்டு: மார்ஃபின், ஃபென்டனைல் போன்ற, தவறான கையில் சிக்கினால் ஒரே வேளையில் உயிரைப் பறிக்கக் கூடிய சில மருந்துகளை மட்டும் ஃப்ளஷ் செய்துவிடும்படி மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் வழிகாட்டியது. அந்தப் பட்டியலில் 17 மருந்துகள்தான் உள்ளன. புற்றுநோய் வலிக்கான மருந்து வீட்டில் மிஞ்சியிருந்தால் அதை எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

இன்சுலின் ஊசியைக் கோப்பையில் போடுவது, அடுத்து அந்தச் சேம்பரில் கை வைப்பவரைக் குத்துவதற்குச் சமம். தடித்த பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றில் ஊசிகளைச் சேர்த்து, முக்கால் பாகம் நிறைந்ததும் மூடியை இறுக்கி டேப் ஒட்டி, ‘ஊசி’ என்று பெரிதாக எழுதித் தூய்மைப் பணியாளரிடம் கையில் கொடுத்துச் சொல்லிவிடுங்கள்.

கோப்பையைக் கழுவும் திரவம் கோப்பைக்கானதுதான், அளவோடு ஊற்றலாம். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் அமிலம். அதே நேரத்தில் பிளீச்சிங் பவுடரையும் தூவினால் குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். ஒன்றைப் போட்டால் நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவும் வரை மற்றொன்றைத் தொடாதீர்கள். செப்டிக் டேங்க் உள்ளவர்கள் பாட்டில் பாட்டிலாக ஆசிடும் பினாயிலும் ஊற்றினால் பாக்டீரியாக்கள் மடிந்து, தொட்டி வெறும் சேமிப்புக் குழியாகிவிடும். பிறகு அதைச் சரிசெய்யவென்று கடையில் விற்கும் பாக்டீரியாப் பொட்டலங்களை வாங்குகிறோம். ஒழுங்காக நடத்தப்படும் தொட்டிக்கு அவை தேவையே இல்லை.

சிகரெட் துண்டு, ஷாம்பு கவர், பூனைக்குப் போடும் களிமண் குறுணை, தேங்காய் நார், மாப் துணியின் நூல் ஆகியவற்றுக்குத் தனித்தனி விளக்கம் வேண்டாம். எதுவும் கரையாது, எல்லாம் குப்பைக்கூடைக்கே உரியவை.

அடைத்துக்கொண்ட பிறகு

தண்ணீர் இறங்காமல் ஏறினால், ‘இன்னொரு முறை விட்டுப் பார்க்கலாம்’ என்ற ஆசையை முதலில் அடக்குங்கள். ஃப்ளஷ் தொட்டிக்குப் போகும் ஆங்கிள் வால்வை மூடிவிட்டு, அடைப்பு எங்கே என்று கண்டறியுங்கள். குளியலறைத் தரையின் ஜாலி வழியாகவும் நீர் குமிழியிட்டு வந்தால் அடைப்பு வெளியே சேம்பரில் அல்லது பொதுக் குழாயில் இருக்கும். மாடி வீட்டாரிடம் தண்ணீர் விட வேண்டாம் என்று உடனே சொல்ல வேண்டும். கோப்பையில் மட்டும் என்றால் ரப்பர் பம்ப் போதும். துளையை முழுவதும் மூடும்படி பம்பை வைத்து, ரப்பர் மூழ்கும் அளவு நீர் இருக்கச் செய்து, மெதுவாக அழுத்திச் சட்டென்று மேலே இழுங்கள். அழுத்துவதைவிட இழுப்பதில்தான் பலன். பலமாக அழுத்தினால் அடைப்பு இன்னும் உள்ளே போகும். கொதிநீரை ஊற்றாதீர்கள், பீங்கான் விரிசல் விடும். ஆசிடையும் ஊற்ற வேண்டாம்: துணியையும் பிளாஸ்டிக்கையும் அது கரைக்காது, அடுத்துக் குழாயைத் திறக்கும் பிளம்பரின் முகத்தில் அது தெறிக்கும்.

பம்பில் சரியாகவில்லை என்றால் பிளம்பரின் ஸ்பிரிங் கம்பி, அதற்கும் மேல் அழுத்தத்தோடு நீரைப் பாய்ச்சும் ஜெட்டிங் வண்டி. செப்டிக் டேங்குக்குள்ளோ பாதாளச் சாக்கடைக்குள்ளோ ‘ஓர் ஆளை இறக்கிப் பார்த்துவிடலாம்’ என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, செறிவு மிகுந்தால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும் என்பதால், நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குபவர் ஓரிரு மூச்சில் விழுகிறார். அவரைத் தூக்க இறங்கும் அடுத்தவரும் விழுகிறார். பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது, மனிதரே கழிவை அள்ளுவதைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கே 2 ஆண்டு வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அது வீட்டு உரிமையாளருக்கும் பொருந்தும். இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. கழிவுநீர் லாரிக்கு 14420 என்ற எண்ணை அழைக்கலாம்.

செப்டிக் டேங்க் நிறைந்து பொங்கும் வரை காத்திருக்காமல், 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒரு முறை அடியில் படிந்த சகதியை லாரியில் எடுத்துவிட வேண்டும். லாரி வரும் நாளில் கூடவே நின்று, கழிவைச் சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்டுகிறார்களா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். எங்கள் குடியிருப்பில் மின்மீட்டர் பெட்டிக் கதவின் உட்புறத்தில், கடைசியாக லாரி வந்த தேதியையும் சேம்பர் மூடிகள் எங்கெங்கே உள்ளன என்பதையும் மார்க்கர் பேனாவால் எழுதி வைத்திருக்கிறோம். ஆச்சிதான் எழுதச் சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் கால்மிதிக் கூடை ஒன்று வாங்கிக் கொடுத்ததும் அவர்கள்தான்.